எண்ணிக்கை நேரம்

அந்தோஃபகஸ்தா சிறை, ஏழாம் பிளாக்,
உடற்பயிற்சிக் கூடம்.
கூடைப்பந்து வளையத்தைப் போன வருடம் கழற்றிவிட்டார்கள்.
ஏனென்று புதிதாக வந்தவர்கள் கேட்பதில்லை,
பழையவர்கள் அண்ணாந்து பார்ப்பதில்லை.
தரையில் அரைவட்டக் கோடு மட்டும் மிச்சம்.
அதற்குள் மடித்த கம்பளிகளின்மேல்
பதினான்கு பேர்.

"கண்ணை மூடுங்கள்" என்றாள் யாஸ்னா,
செம்புச் சுரங்க மருத்துவமனையில் தாதியாயிருந்தவள்.
ஒருவரும் மூடவில்லை.
எனக்குத் தெரியும்.
இந்தக் கட்டடத்தில் கண்ணை மூடுவதென்றால்
முதுகைக் கடன் கொடுப்பது,
திரும்பி வருமென்று உறுதி கிடையாது.
அவளுக்குப் புரியக் கால்மணி நேரம் பிடித்தது.
"சரி, சுவரில் சாய்ந்துகொள்ளுங்கள்.
கண் பாதி திறந்தே இருக்கட்டும்."
அரைவட்டம் கலைந்து
நான்கு சுவர்களுக்கும் போய் ஒட்டிக்கொண்டது.

நான் காவலன். கதவோரம் என் நாற்காலி.
எண்ணுவது என் வேலை,
விடியலில், சோற்றுக்கு முன், சோற்றுக்குப் பின்,
விளக்கணைத்த பிறகும் டார்ச் அடித்து.
இப்போது அவர்களும் எண்ணுகிறார்கள்,
மூச்சை, ஒன்றிலிருந்து பத்து வரை.
"தவறினால் குற்றமில்லை, மறுபடி ஒன்று" என்கிறாள்.
குற்றமில்லை என்ற சொல்லைக் கேட்டு
மூலையில் ஒருவன் சிரித்துவிட்டான்.
நான் தவறினால் சைரன்.

சாவிக்கொத்து குலுங்கும்போதெல்லாம்
பதினான்கு தோள்களும் ஒரு விரற்கடை உயர்ந்து இறங்கும்.
பதினெட்டு வருட வேலையில் முதல்முறை பார்க்கிறேன்.
மறுநாள் மகளின் பழைய காலுறையில்
சாவிகளைத் திணித்துக் கொண்டுவந்தேன்.
"துருப்பிடிக்கிறதா?" என்றார் மேலதிகாரி.
ஆமாம் என்றேன்.

நான்காம் நாள் எவரிஸ்தோ எழுந்துவிட்டான்.
"உள்ளே போனால் ஒரு நாய் குரைக்கிறது.
அதை நான் ஒன்றும் செய்யவில்லை.
ஆனாலும் விடாமல் குரைக்கிறது.
எனக்கு மாத்திரை போதும்."
யாஸ்னா தடுக்கவில்லை.
"மாத்திரையை விடாதே" என்று மட்டும் சொன்னாள்.
அவன் கம்பளியை யாரும் மடித்து வைக்கவில்லை.

ஆறாம் நாள் நிவால்தோ அழுதான், ஓசையில்லாமல்.
ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.
இங்கே அதுதான் மரியாதை.
ஒரு லாரிக்காக மைத்துனனைக் கொன்றவன்.
முடிவில் தன் வலது கையைத் தூக்கிப் பார்த்துச் சொன்னான்:
"வழக்கில் இதுவும் ஒரு சாட்சிப் பொருள் என்றே
இத்தனை நாள் நினைத்திருந்தேன்.
இன்று வெதுவெதுப்பாக இருந்தது."
அதற்குமேல் அவனிடம் வார்த்தை இல்லை.
இருந்திருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்.

உளவியலாளர் படிவத்தோடு வந்தார்.
கடந்த இரண்டு வாரங்களில்
வாழவே வேண்டாமென்று தோன்றியதுண்டா,
பூஜ்யம் முதல் மூன்று வரை.
எண் குறைந்தால் பயிற்சி தொடருமாம்.
"அரை என்று போடலாமா?"
நிவால்தோ என்னைத்தான் கேட்டான்.
அரைக்குக் கட்டமில்லை.

பத்தாம் நாள் கடலிலிருந்து மூடுபனி ஏறிவந்தது.
இந்தப் பாலைக்கு வரும், நனைக்கும், பொழியாது.
உயர ஜன்னலில் கம்பிகள் மட்டும் தெரிந்தன,
கம்பிகளுக்கு அப்பால் ஒன்றுமில்லை.
கூடத்துக்குள்ளே யார் எவரென்று மங்கல்.
எண்ணினேன். பதினான்கு.
இருக்க வேண்டியது பதிமூன்று.
மறுபடி ஒன்றிலிருந்து.
கை சைரன் பக்கம் போய்விட்டது,
என் மூச்சு எனக்கே கேட்கிறது,
பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று,

கதவுக்கு வெளியே,
கம்பியில் முதுகைச் சாய்த்துத் தரையில்
எவரிஸ்தோ.
கையில் மாத்திரை தந்த காகிதக் குவளை.
கண் முழுசாக மூடியிருந்தது.
அவன் முதுகுக்கும் என் முழங்காலுக்கும் நடுவே
கம்பியின் கனம் மட்டும்.

நடைவழியில் உட்காரக் கூடாது, விதி.
எழுப்பி அறைக்கு அனுப்பியிருக்க வேண்டும்.
காலுறையை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு
பதிவேட்டில் எழுதினேன்:
பதிமூன்று.
ஒருவர் வழியில்.