நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

தம்பி நாவலில் அம்மா சொதி வைக்கிறாள்.
பதினோரு பக்கம்.
மறுவீட்டுப் பந்தியில் அறுபது பேரும்
இஞ்சித் துவையலைத் தொட்டுக்கொண்டு
அவள் கைப்பக்குவம் பேசுகிறார்கள்.

வண்ணார்பேட்டை மின்வாரிய ஆபீசில்
சாப்பாட்டு நேரத்தில் படித்தேன்.
நூற்றுப் பன்னிரண்டில் டிபன் பாக்ஸை மூடிவிட்டேன்.
எடுத்த எடுப்பிலேயே முதல் பாலை ஊற்றி
தளதளவென்று கொதிக்க விடுகிறாள் அம்மா.

திரிஞ்சு போகும்லே, சிவசைலம்.
மூன்றாம் பாலில் முருங்கைக்காய் வேகணும்,
பாசிப்பருப்பு குழையணும், பிறகு இரண்டாம் பால்.
முதல் பால் விட்டு நுரை கூடுமுன் இறக்கணும்.
ஆறின பின்தான் எலுமிச்சை.
இதெல்லாம் அம்மா சொன்னதில்லை.
அம்மாவுக்குத் தெரியாது.

பத்திரப்பதிவு ஆபீசிலிருந்து வந்து
சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு
தேங்காய் துருவ உட்காருவார் அப்பா.
அம்மா காலை நீட்டிக்கொண்டு
தொடர்கதையை உரக்க வாசிப்பாள்.
கொலை செய்தது யாரென்று தெரிவதற்குள்
பருப்பு வெந்திருக்கும்.

வாசலில் யாராவது கூப்பிட்டால்
கரண்டி கைமாறும்.
அப்பா துண்டில் கை துடைப்பார்.
பத்திரிகை அரிசிப் பானைக்குள் போகும்.
'மெள்ளப் போய்த் திறலே' என்று
அனுப்புவது உன்னைத்தான்.
கதவைத் திறந்துவிட்டுத் திரும்புகையில் கண்டதை
அப்படியே எழுதியிருக்கிறாய்.
குறை சொல்லவில்லை.
அந்த உருளியைத் தேய்த்தவள்
உன் முந்நூறு பக்கத்தில் எங்கும் இல்லை,
அது வேறு வழக்கு.

ராத்திரி அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன்.
விட்டத்தைப் பார்த்தபடி கேட்டார்.
"முதப் பாலைக் கொதிக்க விட்டுட்டானா?"
வேறெதுவும் கேட்கவில்லை.
அம்மாதான், "நல்லாத்தானே வைக்கேன்" என்று சிரித்தாள்.
எதிர்வீட்டு ஆவுடையம்மாளிடம் காட்டுவதற்கு
பக்கத்தின் மூலையை மடித்து வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை உன் வாசகர்கள் மூன்று பேர்
கோயமுத்தூரிலிருந்து வந்தார்கள்.
அம்மா கையால் சாப்பிடணுமாம்.
பதினொன்றரைக்கு மணி அடித்தது.

அப்பா கரண்டியை நீட்டினார்.
அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு,
"இருங்க, இன்னும் ரெண்டு பக்கந்தான்" என்றாள்,
நிமிரவில்லை.
நீட்டிய கரண்டியிலிருந்து
ஒரு சொட்டு அவர் பாதத்தில் விழுந்தது.

"மெள்ளப் போய்த் திற, உலகு" என்றார்.

நான் வேகமாகப் போனேன்.