மூன்று புள்ளி ஒன்று

மோதிர விரல். பக்கவாட்டில் குத்து.
முதல் துளியைத் துடை,
இரண்டாவதையும் துடை,
மூன்றாவதுதான் உண்மை சொல்லும் என்று
பயிற்சியில் கற்பித்தார்கள்.
யோயெல் அலறியதைக் குறிக்க
படிவத்தில் கட்டம் இல்லை.

கருவி பன்னிரண்டு புள்ளி ஆறு காட்டியது.
எலெயுத்தேரியா எண் படிக்கத் தெரிந்தவள்.
"பதினொன்று இருந்தால் போதுமென்று
நீங்கள்தானே சுவரில் ஒட்டினீர்கள்?"

அது கடற்கரைக்காரர்களுக்கு.
இங்கே, தித்திகாக்கா ஏரிக்கரையில்,
மூவாயிரத்து எண்ணூறு மீட்டர் உயரத்தில்
காற்று கஞ்சன். அரைப்படிதான் அளக்கும்.
உடம்பு கூலிக்கு ஆள் வைத்து
அந்த அரைப்படியைச் சுமக்கிறது.
கூலியாட்களைக் கழித்துவிட்டு
வீட்டு ஆட்களை மட்டும் எண்ண வேண்டும்.
மூன்று புள்ளி ஒன்றைக் கழித்தேன்.
ஒன்பதரை.
சிவப்புப் பேனாவைத் திறந்தேன்.

"அப்படியென்றால் மலை
என் பிள்ளையிடம் வரி வாங்குகிறதா?"

பொட்டலங்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.
இரும்பு, துத்தநாகம், இரண்டு மூன்று வைட்டமின்,
ஒரு சிட்டிகைத் தூளில் அத்தனையும்.
போன மாதத்து முப்பது என்னவாயிற்று?
யோயெலுக்கு வயிறு கட்டிக்கொண்டதாம்.
பன்றிக்குப் போட்டுவிட்டாளாம்.
"பன்றி அமோகமாக இருக்கிறது, சென்யோரிட்டா.
வேண்டுமானால் அதன் விரலைக் குத்துங்கள்."

நான் சிரித்திருக்க வேண்டும்.
பாடப் படத்தை விரித்தேன்.
லீமாவில் அச்சடித்த வண்ணச் சக்கரம்:
வேலைக்கு மாவுச்சத்து, வளர்ச்சிக்குப் புரதம்,
குளிருக்குக் கொழுப்பு.
அதில் ஒரு துண்டு சால்மன், ஓர் அன்னாசி.
இரண்டையும் இந்த ஊரில் யாரும்
படத்துக்கு வெளியே பார்த்ததில்லை.

அவள் அடுப்பில் என்ன வேகும் என்பது எனக்குத் தெரியும்.
உறைபனியில் கிடத்தி, மிதித்து, உலர்த்திய சுன்யோ கிழங்கு
கூழாங்கல் கறுப்பில்.
பார்லிக் கஞ்சி.
கினுவாவும் முட்டையும் பாலாடைக்கட்டியும்
ஞாயிறு சந்தைக்குப் போய்
வெள்ளை நூடுல்ஸாகத் திரும்பி வரும்.
விற்ற காசில்தான் பள்ளிக்கூடத்துச் சப்பாத்து.
சக்கரத்தில் சப்பாத்துக்கு எந்தத் துண்டு?

பேசி முடித்ததும்
"உங்கள் விரலைக் காட்டுங்கள்" என்றாள்.
விளையாட்டுக்கு என்று நினைத்தேன்.
யோயெல்கூட அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.
குத்தினேன். துடைத்தேன். துடைத்தேன்.
பதினான்கு புள்ளி இரண்டு.
எனக்கு முன்பே அவள் கழித்துவிட்டாள்.
"பதினொன்று புள்ளி ஒன்று.
பெண்களுக்கு எவ்வளவு இருக்க வேண்டும்?"

பன்னிரண்டு.

காலையில் கறுப்புத் தேநீரும் ரொட்டியும்.
மதியம் சோற்றோடு தேநீர்.
இரவில் பசி இல்லை, தேநீர் மட்டும்.
உணவோடு தேநீர் குடித்தால்
இரும்பு உடம்பில் ஒட்டாது:
ஊருக்கு உபதேசம், பக்கம் ஒன்பது.
மாடிப்படியில் மூச்சு வாங்கியதற்கு
இரண்டு வருடமாக மலையைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

சிவப்புப் பேனா அவள் கையில் இருந்தது.
என் பெயருக்கு எழுத்து கேட்டாள்.
ரொசாவ்ரா, சொன்னேன்.
படிவத்தின் ஓரத்தில், கட்டங்களுக்கு வெளியே,
எழுதி, அடிக்கோடிட்டாள்.
ஒரு பொட்டலத்தை என் பக்கம் தள்ளினாள்.

சனிக்கிழமை அவள் வீட்டில் ஆடு அடித்தார்கள்.
இரத்தத்தை வெங்காயத்தோடு வதக்கி
புதினா கிள்ளிப் போட்டு
தட்டு நிறைய வைத்தாள்.
மேலே எலுமிச்சை பிழிந்தாள்.
எலுமிச்சை இரும்பைக் கைப்பிடித்து
உள்ளே கூட்டிப் போகும் என்று சொல்ல வாயெடுத்தேன்.
"ருசிக்கு" என்றாள் அவள்.
யோயெல் இரண்டு கையாலும் தின்றான்.
மூக்கு நுனியில் ஒட்டியதையும் நக்கப் பார்த்தான்.

கெட்டில் கொதித்தது.
பழக்கத்தில் கோப்பையை நீட்டிவிட்டேன்.
எலெயுத்தேரியா கெட்டிலைத் தூக்கி
அடுப்புக்கு அந்தப் பக்கம் வைத்தாள்.

"ஒரு மணி நேரம் கழித்து."

வெளியே மண்சுவரில்
பன்றி முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது,
அமோகமாக.