மூன்று மணி மழை

பெலேம் நகரத்து மழைக்கு மணி பார்க்கத் தெரியும்.
'மழைக்கு முன்னாலா, பின்னாலா' என்று கேட்டுத்தான்
இங்கே ஒருவரை ஒருவர் வரச்சொல்வோம்.
லுசிநேய்டி மழைக்கு முன்னாலேயே வந்துவிட்டாள்,
நகராட்சி அனுப்பிய ஆள்.
துணிப்பையில் பத்து மரக்கட்டைகள், ஒரு கிலுகிலுப்பை,
கயிற்றில் கோக்கும் பெரிய மணிகள்,
என் காப்பகத்தின் இருபத்து மூன்று பிள்ளைகளுக்கு
இருபத்து மூன்று தாள்கள்.

கேள்விக்கு மூன்று கட்டம்:
ஆம். சில வேளை. இன்னும் இல்லை.
வெறும் 'இல்லை' கிடையாதா என்றேன்.
"அந்த 'இன்னும்'முக்குத்தான் எனக்குச் சம்பளம்" என்றாள்.

என் கவலைகளைக் காலையிலேயே பட்டியல் போட்டிருந்தேன்:
கடிக்கிற ருவான்,
மேசைக்கு அடியில் குடியிருக்கும் தாயாணி,
அடுத்தவர் செருப்பை மீன்தொட்டியில் போடும் இரட்டையர்.

மயாரா அதில் இல்லை.
மயாரா தொந்தரவு தராதவள்.
எல்லோரும் எழுந்தால் எழுவாள்,
எல்லோரும் கை கழுவினால் கழுவுவாள்.
கதை சொல்லும்போது கண் கொட்டாமல் என் முகத்தையே பார்ப்பாள்.
மரியாதை என்று நினைத்தேன்.
அவள் அம்மாவிடம் சொல்லியும் இருக்கிறேன்:
"இவளைப்போல இன்னும் நாலு பேர் இருந்தால்
எனக்கு முதுகுவலியே வராது."

ருவான் பத்துக் கட்டைகளையும் அடுக்கினான்,
உச்சிக் கட்டையைக் கடித்தான்.
முதல் பாதிக்கு 'ஆம்' போட்டாள் லுசிநேய்டி.
இரண்டாம் பாதிக்குத் தாளில் கட்டம் இல்லை.

பிறகு மழை.
தகரக் கூரைமேல் யாரோ
ஒரு கப்பல் ஆணியைக் கொட்டுவதுபோல.
பாயில் நான்கு பேர். அவள் வாய் அசைந்தது.
இரண்டு முழம் தள்ளி நின்ற எனக்கே கேட்கவில்லை.
ருவான் காதைப் பொத்திக்கொண்டு கத்தினான்,
அந்தக் கத்தலும் கேட்கவில்லை.

மயாரா எழுந்தாள்.
சிவப்பு மணியை எடுத்தாள்,
நாற்காலிக்கு அடியில் வைத்தாள்,
திரும்பி வந்து உட்கார்ந்து
அடுத்தது என்ன என்று அந்த வாயைப் பார்த்தாள்.

நான் கைதட்டினேன்.
லுசிநேய்டி தட்டவில்லை.
பேனாவை மூடினாள். மழை விடக் காத்திருந்தாள்,
நாற்பது நிமிடம், ஒன்றும் எழுதாமல்.

கூரை சொட்டுக்கு வந்ததும்
தாளால் வாயை மறைத்துக்கொண்டு பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.
முதுகுக்குப் பின்னால் போய்
இடப்பக்கம் கிலுகிலுப்பை. வலப்பக்கம் கிலுகிலுப்பை.
மேசைக்கு அடியிலிருந்து தாயாணி எட்டிப் பார்த்தாள்.
இரட்டையர் ஓடி வந்தார்கள்.
மயாரா
ஜன்னல் கம்பியில் தொங்கிய ஒரு துளி
விழுமா விழாதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாளின் அடியில் ஆசிரியருக்கு ஒரு கேள்வி:
இந்தக் குழந்தையைப் பற்றி உங்களுக்குக் கவலை உண்டா?
அதற்கு இரண்டே கட்டம்.
காலையில், அவளைப் பார்க்காமலே,
'இல்லை'யில் நான் போட்ட குறி, பேனாவால்.

ஐந்து மணிக்கு ஃப்ரான்சிநேட்டி வந்தாள்,
அசாயிப் பழம் பிழிந்து ஊதாவான விரல்களோடு.
செவிப் பரிசோதனைக்கு வரிசை எட்டு மாதம் என்று சொன்னேன்.
அதற்கு முன் சொல்ல வேண்டியதையும் சொன்னேன்.
அவள் மகளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்:
"நல்ல பிள்ளை என்றீர்களே."
"நல்ல பிள்ளைதான்" என்றேன்.
அந்த வார்த்தையைக் கீழே வைக்க இடம் தெரியவில்லை.

மறுநாள் நான் உட்காரும் இடத்தை மாற்றினேன்,
வெளிச்சம் என் முகத்தில் விழும்படி.
மூன்று மணிக்கு அதே ஆணி மழை.
வழக்கமாகக் கதையை அங்கே நிறுத்துவேன்.
நிறுத்தவில்லை.
ஆமை ஆற்றில் தொப்பியைத் தொலைத்த இடத்தில்
இருபத்து இரண்டு பேர் கூரையைப் பார்த்தார்கள்.
ஒருத்தி சிரித்தாள்.