நடு ஆணி

உடைந்த ஆணியை சவரியப்பன்
பழைய நாளிதழில் சுற்றிக்கொண்டு வந்தார்,
மீன் வாங்கி வருகிறவர் போல.
மேசையில் வைத்தார். ஒன்றும் பேசவில்லை.
வெளியே மழை. பகாவ் ரயில் கேட்டருகே
செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் வரிசையாய் நின்றன.

என் ஆணிதான். தலையில் என் குறி,
உளிமுனையால் கொத்திய மூன்று கோடு.

நடந்தது எனக்கு முன்பே தெரியும்.
இந்த ஊரில் சனிக்கிழமைச் சங்கதி
ஞாயிறு பசியாறுவதற்குள் வீடுவீடாகப் போய்விடும்.
கல்யாண வண்டி தண்டவாளம் தாண்டும்போது
நடு ஆணி முறிந்தது.
குதிரை, பினாங்கில் மூன்று வருஷம் ஓடித் தோற்ற குதிரை,
முன்சக்கரம் இரண்டை மட்டும் இழுத்துக்கொண்டு
மண்டபம் வரை தானே போய் நின்றதாம்.
நாதஸ்வரக்காரர்கள் அதைப் பார்த்ததும் வாசிக்கத் தொடங்கிவிட்டார்களாம்.
இங்கே, மூக்குக் குத்தி நின்ற வண்டிக்குள்
மாப்பிள்ளைக்குப் பாதி முன்பல்.
பெண்ணுக்கு அடக்க முடியாத சிரிப்பு.

"மேடுதான் காரணம்னு சொல்லிட்டேன்," என்றார் சவரியப்பன்.
"ரயில்காரன் போட்ட மேடு. உன் பேரை எடுக்கல."

விளக்கைக் கிட்டே இழுத்தேன்.
முறிந்த முகம் சீனி போலப் பளபளத்தது.
ஓரத்தில் மட்டும், தலையும் தண்டும் சேரும் கழுத்தில்,
நகக்கண் அளவு கறுப்பு.
எண்ணெய்க் கறுப்பு.
ரயில்காரன் அங்கே எண்ணெய் ஊற்றவில்லை.
பட்டறையை விட்டுப் போகும்போதே
உள்ளே கிழிந்திருந்தது அது.

அதற்கு முந்தைய ஆணி கடைச்சரக்கு.
மூன்றே மாதத்தில் வாழைப்பழமாய் வளைந்தது.
"இனி வளையவே கூடாதும்மா," என்று கேட்டிருந்தார்.
வளையாததைக் கொடுத்தேன்.
கைவிட்ட லோரியின் அச்சை அறுத்துக் கடைந்து,
காந்தம் ஒட்ட மறுக்கும் ரம்புத்தான் சிவப்பில் எடுத்து
செம்பனை எண்ணெயில் முக்கினேன்.
அரம் வைத்தால் வழுக்கியது.
இரண்டாவது முறை வைத்துப் பார்த்தது
ஆசைக்கு.

அப்போது வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி.
மறுபடி இளஞ்சூட்டில் வைத்து
அந்த விறைப்பை இறக்கியிருக்க வேண்டும். ஒன்றரை மணி நேரம்.
கழுத்து மூலையை உருட்டியிருக்க வேண்டும். கால் மணி.
ஆ செங் கோழிக்கடையை மூடுவதற்குள்
நான் போயாக வேண்டியிருந்தது.
காரணம் என்று பார்த்தால்
ஒரு கோழி.

"மேடு இல்லை அண்ணே," என்றேன்.
அவர் மழையைப் பார்த்தார்.
"மேடுன்னே இருக்கட்டுமே."
"இல்லை."

பல் டாக்டர் கேட்டது மூவாயிரத்து நானூறு வெள்ளி.
ஆணிக்கு நான் வாங்கியது எண்பது.

இந்த முறை இரண்டு செய்தேன்.
கழுத்தில் கூர்மை இல்லை,
சுண்டுவிரல் வைத்தால் உட்காரும் வளைவு.
முக்கி எடுத்து, தேய்த்து, மெதுவாகச் சுடவைத்தால்
இரும்பின் மேல் நிறம் நடக்கிறது:
வைக்கோல், கடுந்தேநீர், கத்தரிக்காய்,
அதற்கப்புறம் பள்ளிக்கூட மையின் நீலம்.
நீலத்தில் நிறுத்தினேன்.
கடை மூடினால் மூடட்டும்.

ஒன்றை வைஸில் இறுக்கி
ஆறடிக் குழாயை மாட்டித் தொங்கினேன்.
எண்பத்து மூன்று கிலோ நான், யாரிடமும் சொல்வதில்லை.
ஆணி கொஞ்சம் யோசித்தது.
கொஞ்சம் வளைந்தது.
கால் தரையைத் தொட்டபோதும் முறியவில்லை.
தனியாகச் சிரித்தேன், எண்ணெய்க் கையோடு,
அந்தப் பெண் எப்படிச் சிரித்திருப்பாள் என்று
ஓரளவு விளங்கியது.

இன்னொன்று வண்டியில் இருக்கிறது.
மாதம் இருநூறு வெள்ளி போகிறது,
இன்னும் பதினொரு தவணை.
நேற்றுச் சனிக்கிழமை. வேறு கல்யாணம்.
பட்டறைக் கதவை மூடவில்லை,
வெல்டிங் சத்தத்தையும் நிறுத்திவைத்தேன்.
கேட்டருகே குளம்பொலி.
தண்டவாளத்தில் முன்சக்கரம், டக்.

பிறகு,
இவ்வளவு நீளமா அந்த வண்டி என்று தோன்றுமளவுக்குப் பிறகு,

டக்.