ஐம்பது கிராம்

சனிக்கிழமை சாயங்காலம், வடக்கன்குளம்.
பாவசங்கீர்த்தனத் தொட்டியின் சல்லடைக்கு அந்தப் பக்கம்
புதுச் சாமியார் தும்மினார்.
"ரேஷன் கடையில எடை போடுதேன், சாமி.
கிலோவுக்கு ஐம்பது கிராம் குறைச்சேன்.
ஆறு வருசம்."

மூன்று அருள் நிறைந்த மரியே
என்று முடித்துவிடுவார் என நினைத்திருந்தேன்.
"திருப்பிக் குடுத்துருங்க" என்றார்.

யாருக்கு?
இன்னாசியம்மாள் கல்லறைத் தோட்டத்தில்.
பல்த்தசார் குடும்பம் திருப்பூர் போய்விட்டது.
மிச்சப் பேர் கைரேகை வைத்து, பையைத் தூக்கி,
"வாரேன் அண்ணாச்சி" என்று
சிரித்துக்கொண்டேதான் போகிறார்கள்.

திங்களிலிருந்து
தராசில் எண் நின்ற பிறகும்
ஒரு கை அள்ளிப் போடுகிறேன்.
மாசக் கடைசியில் இருப்பு இடிக்கும்;
சம்பளத்தில் அரிசி வாங்கி
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கலக்கிறேன்.
"துட்டெல்லாம் எங்க போவுது?" என்கிறாள் செசிலி.
வாயைத் திறக்கவில்லை.
மறைப்பது தனிப் பாவமா,
பழையதன் வட்டியா?
அடுத்த சனிக்கிழமை கேட்கணும்.

நேற்று பிலோமினா திரும்பி வந்தாள்.
முந்தானையில் முடிந்திருந்த அரிசியை
மூட்டைக்குள் உதறினாள்.
"கூட வந்துட்டு அண்ணாச்சி.
வீட்டுல நிறுத்துப் பாத்தேன்."

"வீட்டுல தராசு இருக்கா?"

"வாங்கி ஆறு வருசமாச்சே."

இன்று பூசையில்
'அனுதின உணவை' என்ற இடத்தில்
எனக்குத் தொண்டை அடைத்தது.
சமாதானம் சொல்லும் நேரம் வந்தது.
முன் பெஞ்சிலிருந்து பிலோமினா
என் பக்கம்தான் திரும்புகிறாள்,
கைகளைக் கூப்பியபடி.