முப்பத்தொன்று புள்ளி இரண்டு

சூர் நகரத்துக் கடலோரம்
உப்பைக் கழற்றிக் குடிநீராக்கும் ஆலை.
மணிக்கொரு தரம் குழாய்வாயில்
கடலுக்குக் காய்ச்சல் பார்ப்பது என் வேலை.

இன்றிரவு முப்பத்தொன்று புள்ளி இரண்டு.
எழுதும்போது பேனா வழுக்குகிறது.

இருபத்தாறரை தாண்டினால் போதும் என்பார்கள்,
ஒரு சுழி உலையேற்ற.
மேல்தண்ணீர் மட்டும் சுட்டால் காணாது.
ஆழத்திலும் சுட வேண்டும்;
இல்லையேல் புயல்
அடித்தண்ணீரைக் கிளறி மேலே கொண்டுவந்து
தன் அடுப்பில் தானே ஊற்றிக்கொள்ளும்.

ஆடியில் இது நடக்காது.
கீழே தென்மேற்கிலிருந்து ஒரு காற்று,
உயரே கிழக்கிலிருந்து ஒரு காற்று.
காலை ஒருவர் தலையை ஒருவர் இழுத்தால்
எது எழுந்து நிற்கும்?
அப்போது குழாய்வாயில் இருபத்துமூன்று காட்டும்,
சாளை மீன் வந்து வடிகட்டியை அடைக்கும்,
நாங்கள் திட்டிக்கொண்டே அள்ளிப்போய் வறுப்போம்.

இது வைகாசி.
காற்றுகள் இன்னும் சண்டைக்கு வரவில்லை.
கடல் சும்மா கிடந்து வேகிறது.

லட்சத்தீவுக்கு மேற்கே முளைத்தது
வடக்கே வந்துகொண்டிருந்தது.
அதற்குச் சொந்தக் கால் கிடையாது.
அரேபியாவின் மேல் ஓர் உயரழுத்த மேடு,
இந்தியாவின் மேல் இன்னொன்று.
எது தள்ளுகிறதோ அதன் சொல்படி வழி.
இரண்டும் சமமாய்த் தள்ளுவதால்
நேற்று மாலையிலிருந்து
நின்ற இடத்தில் சுற்றுகிறது,
விசா முடிந்தவன் மாதிரி.

மச்சினன் ததேயுவின் விசைப்படகு,
தூத்தூரிலிருந்து பதினோரு பேர்,
திங்கள் காலைக்குப் பிறகு வயர்லெஸ்ஸில் இல்லை.

திரையில் எட்டுக் கணிப்புகள், எட்டுக் கோடுகள்.
நான்கு எங்கள் ஆலையை நோக்கி.
மூன்று குஜராத்துக்கு.
ஒன்று மட்டும் ஆளில்லாத நடுக்கடலில் போய் முடிகிறது.
அந்த ஒன்றுக்காக வேண்டிக்கொண்டேன்,
வேண்டிய பிறகுதான் உறைத்தது:
நடுக்கடலில்தானே அவர்கள்.

மூன்று மணிக்குக் காற்று திரும்பியது.
உதடு வெடித்தது. பல்லிடுக்கில் மணல்.
ஹமூத் வெளியே போய் முகர்ந்துவிட்டு வந்து
"ரூப் அல் காலி" என்றான்,
ஊர்க்காரன் ஒருவன் வந்திருப்பதைச் சொல்வதுபோல.
பாலைவனத்தின் வறண்ட மூச்சு
புயலின் வயிற்றுக்குள் போனால்
மேகம் உள்ளிருந்தே காய்ந்துபோகுமாம்.
செயற்கைக்கோள் படத்தில் அதன் மேற்குப் பக்கம்
யாரோ கடித்த அப்பம்போல் இருக்கிறது.
கடி சிறியது.

நான்கு மணி. முப்பத்தொன்று புள்ளி ஒன்று.
'குறிப்பு' என்ற கட்டத்தில்
பம்பு பழுது, வால்வு கசிவு மட்டுமே எழுதலாம்.
மேற்குக் காற்று என்று எழுதினேன்.
கொஞ்சம் யோசித்துவிட்டு
இன்னும் வேண்டும் என்றும்.