நாலில் ஒன்று

ஸ்கோர்போர்டுப் பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பவள் நான்.
ப்ளைவுட் சுவர், கால் சுடும் ஹீட்டர், ஒரு வரிசைப் பொத்தான்கள்.
வெளியே நெப்ராஸ்காவின் நவம்பர்.
மைதான விளக்குகளுக்கு அப்பால் அறுத்து முடித்த சோளக்காடு,
அதற்கும் அப்பால்
ஒன்றுமில்லை.

மெர்சர் இருபத்தொன்று, நாங்கள் ஏழு.
ஏழு நிமிடம் மிச்சமிருக்க
டெவின் ஸ்வோபோடா இரண்டு பேரை முதுகில் சுமந்தபடியே
கோட்டைத் தாண்டி விழுந்தான்.
ஆறு அழுத்தினேன். பதின்மூன்று.

இனி எஃப்ரேன் வந்து உதைக்க வேண்டும்.
இறைச்சி ஆலையில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்களின் பையன்,
இந்த சீசனில் ஒன்றுகூடத் தவறவிடாத கால்.
என் விரல் அதற்குள் ஒன்றின் மேல் போய் உட்கார்ந்துவிட்டது.
கோடோரத்தில் லைல் ஹ்ருஸ்கா
இரண்டு விரல் காட்டினான்.

எட்டுப் புள்ளி பின்னால் நின்றுகொண்டு இரண்டுக்கா?
கையில் வைத்த ஒன்றை எவனாவது கீழே போடுவானா?
தெர்மோஸ் மூடியில் காப்பியை ஊற்றியபடி என் ஓரின் சொன்னான்:
"இப்ப உதைச்சுட்டு, மத்ததை அப்புறம் பாத்துக்கலாமே."

அப்புறம் பாத்துக்கலாம்.
கூரை ஒழுகியபோது சொன்னது.
கடைவாய்ப் பல் கறுத்தபோது சொன்னது.
நிலத்தில் தன் பங்கைக் காசாகக் கேட்டு
அவன் தம்பி ஒமாஹாவிலிருந்து வந்து
சமையலறையில் கோட்டைக் கழற்றாமலே நின்றபோதும்.

லைலின் கணக்கு எனக்குப் புரியும்.
கவுண்டி ஆபீசில் வரி கூட்டுகிறவள் நான்.
இரண்டு முறையும் உதைத்தால் சமன்.
சமன் என்றால் ஓவர்டைம், பூவா தலையா.
இப்போதே இரண்டு கிடைத்துவிட்டால்
அடுத்த டச்டவுனுக்கு ஓர் உதை போதும், வீட்டுக்குப் போகலாம்.
கிடைக்காவிட்டால் இன்னொரு தரம் முட்டலாம், சமனாவது மிஞ்சும்.
மூன்று கெஜம்; பாதிக்குப் பாதி என்று வை.
இதே ஆட்டத்தை நாலு ராத்திரி ஆடினால்
இரண்டு ராத்திரி ஜெயம்,
ஒரு ராத்திரி சமன்,
ஒரு ராத்திரி ஊர்வாயில் விழ வேண்டியதுதான்.

டெவின் இடப்பக்கம் வளைந்தான்.
சுவர் ஒன்று எழுந்து வந்து அவன்மேல் சாய்ந்தது.
நான் எதையும் அழுத்தவில்லை.

பிறகு, பத்தொன்பது நொடி இருக்கையில்,
எங்கிருந்தோ ஒரு நீளமான பாஸ்,
எவனுடைய விரல்நுனியோ, ஆறு.
பத்தொன்பது. இருபத்தொன்று.
மறுபடி இரண்டு விரல். இந்தத் தரம் எவனும் கேள்வி கேட்கவில்லை;
வேறு வழி இல்லாதபோது எல்லோருக்கும் தைரியம் வந்துவிடுகிறது.

ஒரு ஹெல்மெட் அகலம் குறைந்தது.

தீவனக்கடை கஸ் பென்னர் வேலியைப் பிடித்துக் கத்தினான்:
"ரெண்டையும் உதைச்சிருந்தா இருபத்தொண்ணு!"
கூட்டல் சரிதான்.
எஃப்ரேன் டீயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றான்,
ஷூவில் மண்கூட ஒட்டாமல்.

பெட்டியைக் கடந்து போன லைல் நின்றான்.
ஏதாவது சொல்வான் என்று பார்த்தேன்.
"இன்னும் எரியுது வெர்னா, அணைச்சிடு," என்றான்.
அணைத்தேன். முதலில் அவர்களுடையதை.

பிக்கப்பில் வரும்போது யோசித்தேன்.
விழுந்தது அந்த நாலாவது ராத்திரி, அவ்வளவுதான்.
ஆனால் அவன் கேட்டது இரண்டு புள்ளியை மட்டுமா?
தெரிய வேண்டியது எதுவோ அது
கடிகாரத்தில் ஏழு நிமிடம் இருக்கும்போதே
தெரிந்துவிடட்டும் என்றல்லவா கேட்டான்?
பத்தொன்பதாவது நொடியில் தெரிந்து
யாருக்கு என்ன லாபம்.

பாங்குக்காரன் மார்ச்சில் வருவான்.

"ஓரின்," என்றேன், "நிலத்தை விக்கப்போறமா, இல்லையா?"
அவன் ரேடியோவை அணைத்தான்.
திரும்பவேண்டிய சாலை வருமுன்பே
இண்டிகேட்டரைப் போட்டுவிட்டான்; அது டிக் டிக் என்றது.
"அப்பு..." என்று ஆரம்பித்து
அங்கேயே நிறுத்திக்கொண்டான்.